ரத்தம் எடுக்கிறார்கள்... புண்ணைப் பார்ப்பதில்லை!

அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவு அலமாரியைத் திறந்தால் மருந்துப் பொட்டலங்கள் ஏழு நிறங்களில் இருக்கும். சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான ‘நேக்கோ’ வகுத்துக் கொடுத்த ஏற்பாடு இது. ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்காமல், அறிகுறியைப் பார்த்து உரிய நிறத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம். பிறப்புறுப்பில் புண் என்றால் வெள்ளை. அதற்குள் பென்சிலின் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும் இருக்கும். ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு. சிறுநீர்த் துவாரத்தில் சீழ், கருப்பை வாயில் அழற்சி, ஆசனவாயில் சீழ் ஆகிய மூன்றுக்கும் சாம்பல்.

ஆய்வகமே இல்லாத ஊரிலும் வேலை செய்யக்கூடிய, கெட்டிக்காரத்தனமான முறைதான். ஆனால் எந்த நிறம் என்று முடிவு செய்ய மருத்துவர் நோயாளியின் உடம்பைப் பார்த்தாக வேண்டும். படுக்கச் சொல்லி, கையுறை மாட்டி, விளக்கைத் திருப்பி, தேவைப்பட்டால் புராக்டோஸ்கோப் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள், எந்த வழியில், ஆணுறை இருந்ததா என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் திருநங்கையாக இருந்தால் பல நேரம் நடக்காமல் போவது இந்தப் பரிசோதனைதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, நாற்காலியை இரண்டடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆசனவாய்ப் புண்ணை மூலம் என்று நினைத்துக் களிம்போடு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. சிபிலிஸ் புண்ணுக்கு வலி இருக்காது, தானாக ஆறியும்விடும். ஆறிவிட்டது என்று அவர் நிம்மதியடையும் நேரத்தில் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கும்.

இந்தக் குறையெல்லாம் நேற்று முளைத்ததல்ல. சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் வெங்கடேசன் சக்ரபாணி, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்காக 2010-ல் எழுதிய அறிக்கையில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். வேண்டுமென்றே ‘அவன்’ என்று அழைப்பது. ஆண் என்று பதிவு செய்து ஆண்கள் வார்டில் படுக்க வைப்பது. ஆண்கள் வரிசையில் நிற்கச் சொல்வது. ஊழியர்களும் மற்ற நோயாளிகளும் கேலி பேசுவது. சில இடங்களில் சிகிச்சையே தர மறுப்பது. இத்தனைக்கும் பிறகு, திருநங்கையரின் உடம்புக்கு எப்படிச் சிகிச்சை தருவது என்று தெரிந்த மருத்துவர் கிடைப்பதும் அரிது.

ஆண்கள் வார்டு என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சின்ன விஷயமாக நினைக்கலாம். சேலை கட்டிய ஒருவரை, இரவு முழுக்க விளக்கெரியும் கூடத்தில், நாற்பது ஆண்களுக்கு நடுவே படுக்கச் சொல்வது எப்படிப்பட்ட சிகிச்சை? அந்த ஒரு இரவுக்குப் பயந்து, காய்ச்சல் 103-ல் கொதிக்கும்போதும் வீட்டிலேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையை விட மருந்துக்கடை மேல் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார்; காசை வாங்கிக்கொண்டு மாத்திரையைக் கொடுத்துவிடுவார். அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கால் கிருமி பழகிப்போனால் அது திருநங்கைகளோடு நின்றுவிடும் பிரச்னையும் அல்ல.

எச்.ஐ.வி. திறந்த ஒற்றைக் கதவு

திருநர் சமூகத்தை அரசு மருத்துவம் கண்டுகொண்ட கதை எச்.ஐ.வி.யில்தான் தொடங்குகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேரின் மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிய முதல் சோதனை அதுதான். பெரும் மருத்துவச் சாதனை, சந்தேகமே இல்லை. அந்த முதல் நாளிலிருந்தே, சமூகம் ஒதுக்கிவைத்தவர்களின் ரத்தம்தான் அரசுக்குத் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

1992-ல் நேக்கோ வந்தது. நோய் பரவ வாய்ப்பு அதிகமுள்ள பிரிவினரை ‘இலக்கு மக்கள்’ என்று பட்டியலிட்டு, தொண்டு நிறுவனங்கள் வழியாக அவர்களைத் தேடிப்போகும் திட்டம் உருவானது. திருநங்கைகளே களப்பணியாளர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆணுறைப் பெட்டியோடு கோயம்பேட்டிலும் மெரினாவிலும் நடந்தார்கள். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வந்தவர்களிடம் பேசினார்கள். கடை கடையாகக் காசு கேட்பதையும் பாலியல் தொழிலையும் தவிர வேறு வழியே தெரியாதிருந்த பலருக்கு மாதச் சம்பளம், அடையாள அட்டை, உட்கார்ந்து பேச ஓர் அறை எல்லாம் கிடைத்தது அதன் மூலம்தான். இன்று மேடையேறிப் பேசும் திருநங்கைத் தலைவர்கள் பலருக்கும் அந்தத் திட்டம்தான் பள்ளிக்கூடம். இதை மறைத்துவிட்டு வசைபாடுவது நியாயமாகாது.

ஆனால், திறந்தது அந்த ஒரு கதவு மட்டுமே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை, சிபிலிஸ் சோதனை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஆணுறை போனது என்று கணக்கு. தமிழ்நாட்டின் ‘நம்பிக்கை மைய’த்தில் ரத்தம் கொடுத்துப் பழகிய ஒரு திருநங்கைக்கு, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றால் அதே வளாகத்தில் எந்த அறைக்குப் போவதென்று தெரியாது. சிறுநீரகப் பிரிவா, பெண்கள் பிரிவா, தோல் பிரிவா? ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டும். சீட்டும் கையுமாக மூன்று மாடி ஏறி இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

2017-ல் நேக்கோ எடுத்த கண்காணிப்புக் கணக்கின்படி, திருநங்கைகள் மத்தியில் எச்.ஐ.வி. 3.14 சதவிகிதம். நாட்டின் வயதுவந்தோர் அனைவருக்குமான அளவு அப்போது 0.22 சதவிகிதம். பதினான்கு மடங்கு! இந்த இடைவெளிக்கு அவர்களுடைய ‘நடத்தை’யைக் காரணம் சொல்லிவிட்டு நகர்வது எளிது. எரிச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கிடைக்காத உடம்பில் எச்.ஐ.வி. சுலபமாக நுழையும் என்பது மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். பால்வினைப் புண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டு எச்.ஐ.வி.யை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எண்ணிக்கைதான் மிஞ்சும்.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக வந்தது 2004 ஏப்ரலில். முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. மருந்து இலவசம்தான், அதை வாங்கப் போகும் பாதைக்குத்தான் விலை அதிகம். சென்னையில் சக்ரபாணி குழுவினர் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த மருந்தை எட்டவிடாமல் தடுப்பவை எவை என்று விசாரித்தது. மருத்துவமனைப் பாகுபாடு ஒரு தடை. இன்னொரு தடை வெளியே பேசக் கூச்சப்படும் ஒன்று: எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் சொந்தச் சமூகமே ஒதுக்கிவிடும் என்ற அச்சம். பெற்ற வீடு துரத்திய பிறகு மூத்த திருநங்கையிடம் கிடைத்த அம்மா-மகள் உறவும் போய்விட்டால் போக்கிடம் ஏது? மையத்தின் வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்ததும் திரும்பி நடப்பவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஒரு குரூர நகைச்சுவையும் உண்டு. 2017-ல் வெளியான ரத்த தானக் கொடையாளர் வழிகாட்டுதல், திருநர்களை நிரந்தரமாக விலக்கி வைக்கிறது. அவர் என்ன செய்கிறார், யாரோடு வாழ்கிறார், அவருக்கு எடுத்த சோதனை என்ன சொல்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை. திருநர் என்பதே போதும். மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் தங்ஜம் சாந்தா சிங் இதை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றம் போனார். சோதிக்க வேண்டுமென்றால் தேடிவந்து எடுக்கும் அதே ரத்தத்தை, கொடுக்க முன்வந்தால் வேண்டாம் என்கிறார்கள்.

மாலா-டி முதல் நிர்வாணம் வரை

பாலியல் நலம் என்றால் கிருமி மட்டுமா? உடம்பை மனசுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது, அதன் பிறகு வலியில்லாமல் வாழ்வது, உறவு கொள்வது, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது எல்லாமே அதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் திருநர் நிலையை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த பகுதிக்கு மாற்றியது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கும் வந்தது. நம் ஊரில் இன்னும் பல இடங்களில் மனநல மருத்துவரிடம்தான் முதல் சீட்டு கிழிக்கிறார்கள்.

ஹார்மோனுக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு நடுத்தர ஊரில் அப்படிப்பட்டவரைத் தேடுவதே பெரிய வேலை. அவர் திருநங்கையைப் பார்க்கச் சம்மதிப்பது அதற்கும் அடுத்த வேலை. அதனால் மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தபடி மருந்துக்கடையில் மாலா-டி அட்டை வாங்குகிறார்கள். கருத்தடைக்காக நாளுக்கு ஒன்று என்று வகுத்த மாத்திரையை இரண்டு, மூன்று என்று விழுங்குகிறார்கள். அதிலிருக்கும் எதினைல் எஸ்ட்ராடயால் ரத்தக்குழாயில் ரத்த உறைவை உண்டாக்கக்கூடியது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை அட்டை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டால் ஹார்மோன் வேலை செய்யாது என்று நம்பி மருந்தை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இப்போது பரவலாகத் தரப்படும் டொலுடெக்ரவிர் மருந்துக்கும் பெண்மை ஹார்மோனுக்கும் குறிப்பிடத்தக்க மோதல் கிடையாது. இதை யாராவது உட்காரவைத்துச் சொன்னால்தானே!

திருநங்கைகளின் குடும்ப அமைப்பான ஜமாத்தில் ‘நிர்வாணம்’ என்று சொல்லப்படும் ஆணுறுப்பு நீக்க அறுவையை ஒரு காலத்தில் தாயம்மா கையால், மயக்க மருந்தில்லாமல் செய்துகொண்டார்கள். பிறகு போலி மருத்துவர்களும் பணத்துக்குக் கத்தி பிடித்த மருத்துவர்களும் வந்தார்கள். விரைநீக்கம் கொடுங்காயம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-வது பிரிவு முதல் வரியிலேயே சொன்னதால், முறையாகச் செய்யத் தெரிந்த மருத்துவர்கள் ஒதுங்கினார்கள், தெரியாதவர்கள் செய்தார்கள். 2008-ல் நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த தமிழ்நாடு, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சைக்கும் வழி செய்தது. இந்தப் பெருமை உண்மையானது.

ஆனால் அறுவைக்குப் பிறகு? சிறுநீர்த் துவாரம் சுருங்கிப்போவது இந்த அறுவையின் தெரிந்த பின்விளைவு. அதை விரிவாக்க அடிக்கடி வர வேண்டும். தைத்த புண்ணில் சீழ் வைக்கும். பெண்ணுறுப்பு அமைத்துக்கொண்டவருக்கும் புராஸ்டேட் சுரப்பி உள்ளே அப்படியே இருக்கும். வயதானபின் அதைச் சோதிக்க வேண்டும். இதெல்லாம் சொல்லித்தரப்படாத செவிலியர், அந்த இடத்தைப் பார்த்துத் திகைத்து, மற்றவர்களையும் ‘வந்து பாருங்கள்’ என்று கூப்பிடும்போது, படுத்திருப்பவர் நோயாளி என்ற நிலை மாறிக் காட்சிப்பொருளாகிவிடுகிறார். கேரளத்தில் வானொலித் தொகுப்பாளராக அறியப்பட்ட அனன்யா குமாரி அலெக்ஸ், 2020-ல் செய்த அறுவையால் ஓராண்டாகியும் வலி தாங்க முடியவில்லை, நெடுநேரம் நிற்கக்கூட முடியவில்லை என்று வெளிப்படையாகவே முறையிட்டார். 2021 ஜூலையில் கொச்சியில் தன் வீட்டில் இறந்துகிடந்தார். அதன் பிறகுதான் ஊடகங்கள் அவர் முறையீட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தன.

திருநம்பிகளின் நிலை இன்னும் மங்கலானது. இலக்கு மக்கள் பட்டியலில் அவர்கள் இல்லவே இல்லை என்பதால், ரத்தம் எடுக்கக்கூட யாரும் தேடி வருவதில்லை. தாடியும் சட்டையுமாக ஒருவர் ‘மகப்பேறு மற்றும் மகளிர் நலம்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தால் காவலாளி எழுப்பிவிடுவார். கருப்பை வாய்ப் புற்றுக்கான சோதனை அவருக்கும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடும். கரு உண்டாகும் வாய்ப்பு மட்டும் நின்றுவிடாது. இது தெரியாமல் கர்ப்பமாகி, எங்கே போவதென்று தெரியாமல் தவிப்பவர்களைப் பற்றி யார் கணக்கெடுத்தார்கள்? அமெரிக்காவில் ராபர்ட் ஈட்ஸ் என்ற திருநம்பி, சினைப்பைப் புற்றுநோயோடு மருத்துவர் மருத்துவராக அலைந்து, இவரைப் பார்த்தால் எங்கள் மற்ற நோயாளிகள் கூச்சப்படுவார்கள் என்றெல்லாம் மறுக்கப்பட்டு, 1999-ல் இறந்தார். ‘சதர்ன் கம்ஃபர்ட்’ என்ற ஆவணப்படம் அவருடைய கடைசி ஆண்டைப் பதிவு செய்திருக்கிறது.

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 2023 பிப்ரவரியில் சஹத் என்ற திருநம்பி குழந்தை பெற்றதையும் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் குறைவின்றிப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே தடுக்கி விழுந்தது பிறப்புச் சான்றிதழ். தாய், தந்தை என்ற கட்டங்களுக்குப் பதில் ‘பெற்றோர்’ என்று எழுதிக்கொள்ளக் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் அனுமதிக்கும்வரை அந்தக் குடும்பம் வழக்காட வேண்டியிருந்தது.

பாடப்புத்தகத்தில் குற்றவாளி

மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எதைப் படித்தார்கள் என்று பாருங்கள். தடயவியல் மருத்துவப் பாடத்தில் தன்பாலின உறவு ‘இயற்கைக்கு மாறான குற்றம்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. ஆசனவாயைப் பார்த்து ஒருவர் ‘பழக்கப்பட்டவரா’ என்று கண்டுபிடிக்கும் முறை அதில் உண்டு. அதே ஆசனவாயில் வந்த புண்ணைக் கண்ணியமாகச் சோதிக்கும் முறைக்கு இடமில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் 2021-ல் இதைக் கையில் எடுத்தார். தேசிய மருத்துவ ஆணையம் பாடநூல்களைத் திருத்தச் சொன்னது. பாலினத்தை ‘மாற்றி’ச் சரிசெய்வதாகச் சொல்லும் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் அறிவித்தது. சரி, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால், 2024 ஆகஸ்ட் இறுதியில் வந்த புதிய பாடத்திட்டத்தில் அந்தப் பழைய குற்றப்பட்டியல் மறுபடியும் இருந்தது! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே, செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை விட, அதை எழுதி அச்சேற்றும்வரை ஒருவர் கண்ணிலும் உறுத்தாமல் போனதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சட்டம் பேசாமல் இல்லை. திருநர் உரிமைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தந்த நால்சா தீர்ப்பு, மருத்துவமனைகளில் திருநர்களுக்கு உரிய சிகிச்சை தர வேண்டும் என்றது. 2019 திருநர் சட்டத்தின் 3-வது பிரிவு சிகிச்சை மறுப்பையும் பாகுபாட்டையும் தடை செய்கிறது. 15-வது பிரிவு அரசு செய்ய வேண்டிய மருத்துவக் கடமைகளைப் பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது எது? தனி எச்.ஐ.வி. கண்காணிப்பு மையம். அறுவையும் ஹார்மோனும் ஆலோசனையும் பாடத்திட்டத் திருத்தமும் அதற்குப் பிறகுதான். சட்டத்தை எழுதியவர்களின் கையும் முதலில் போனது ரத்தக் குப்பிக்குத்தான்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான திருநரின் நிலை இதைவிட மோசம். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான திருநர்களை எப்படிப் பரிசோதிப்பது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பலாத்காரத்துக்கு ஆளாகக்கூடியவர் பெண் மட்டுமே. பெண் அல்லாதவர் மீதான பாலியல் வன்முறைக்கும் பயன்பட்ட, பழைய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுக்கு மாற்றாக எதுவும் வரவில்லை. மிஞ்சுவது 2019 சட்டம். அதில் அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. பெண் பலாத்காரத்துக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும் திருநங்கையின் வழக்கை எந்தப் பிரிவில் எழுதுவது என்று காவலரும் மருத்துவரும் விவாதித்துக்கொண்டிருக்கும்போது அந்த 72 மணி நேரம் கரைகிறது.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்று காட்டிய இடம் ஹைதராபாத். 2021 ஜனவரியில் அங்கே ‘மித்ர்’ கிளினிக் திறந்தது. அமெரிக்க நிதி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் ஆகியவற்றின் கூட்டு முயற்சி. திருநர்களே பெரும்பாலான பணியாளர்கள். எச்.ஐ.வி., பால்வினை நோய், ஹார்மோன், மனநலம், சட்ட உதவி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ரத்தம் எடுக்க வந்தவரிடம் வேறென்ன தொந்தரவு என்றும் கேட்டார்கள். பிறகு கல்யாணிலும் புனேயிலும் கிளைகள் வந்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் மூன்றும் மூடப்பட்டன. எலான் மஸ்க் அந்தச் செய்தியைப் பகிர்ந்து, அமெரிக்க வரிப்பணம் இதற்குத்தான் போனதா என்ற தொனியில் கிண்டலடித்தார். ஹைதராபாத் கிளினிக் பின்னர் டாடா அறக்கட்டளைகளின் உதவியோடு வேறு பெயரில் திறந்தது. மஸ்கின் கிண்டலை விட நமக்குச் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தியக் குடிமக்களின் புண்ணைப் பார்க்க இந்திய வரிப்பணம் ஏன் போகவில்லை?

சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் திருநர்களுக்கென்று தனிப்பிரிவு நடக்கிறது, நல்லது. ஆனால் குறிப்பிட்ட கிழமையில் மட்டும் இயங்கும் பிரிவு முழுத் தீர்வாகாது. காய்ச்சலும் ரத்தப்போக்கும் கிழமை பார்த்து வருவதில்லை. அரியலூரிலும் ராமநாதபுரத்திலும் இருப்பவர் பேருந்து ஏறி மதுரைக்கு வர வேண்டுமென்றால் ஒருநாள் வருமானம் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டியது மலைபோல் ஒன்றுமில்லை. உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்? உடம்பில் என்னென்ன அறுவை நடந்திருக்கிறது? எங்கே வலிக்கிறது? இந்த மூன்றையும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தால் முக்கால் வாசி முடிந்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் அன்பு ரூபி 2019-ல் அரசுச் செவிலியராகப் பணியேற்றார். அப்படி நூறு பேர் வெள்ளை உடுப்பில் வார்டுகளில் நடந்தால் மற்ற ஊழியர்களின் பார்வையும் தானாக மாறும். திருநர்களுக்குச் செவிலியர், ஆய்வக நுட்பநர் படிப்புகளில் இடம் ஒதுக்கி, கட்டணத்தையும் அரசே ஏற்பது நலவாரியத்துக்கு முடியாத காரியம் அல்ல.

திருநர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதமில்லாமல் சோதனை செய்யக்கூடாது. முடிவை மற்றவரிடம் சொல்லக்கூடாது. தொற்று இருப்பதைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கக்கூடாது. மீறினால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுங்கள். அவர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் நேக்கோவின் 1097 எண்ணை அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.